டாக்டரம்மா காரில் நின்று நின்று வந்த காற்று

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாமல் விட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தெருவில், பெரிய பங்களாவின் கொல்லையில், மாடு கட்டிக்கொண்டிருந்த இடத்தில் தகரம் போட்டுக் கார் ஏசி பார்க்கும் ஷெட்டு ஒன்று கட்டினேன். மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது கடை. அடையாற்றில் கண்ணாடிக் கதவு போட்ட மூன்றாவது கடை. சொந்த வீடு. இரண்டு பெண்களுக்கும் வடபழனியில் மண்டபம் பிடித்துக் கல்யாணம். மெட்ராசில் முக்கால்வாசிக் கார்களுக்கு ஏசியே இல்லாத காலத்தில், டாஷ்போர்டுக்கு அடியில் பெட்டியைத் தொங்கவிட்டுக் குளிர்காற்று வரவழைத்தவர்களில் நானும் ஒருவன். ஒருவன் என்று அடக்கத்துக்காகச் சொல்கிறேன். மயிலாப்பூர் முதல் அடையாறு பாலம் வரைக்கும் அப்போது நான்தான்.

நொச்சிக்குப்பத்தில் பிறந்தவன். அப்பா கடலுக்குப் போனவர். எனக்கு அலை ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும். பள்ளிக்கூடமும் ஒத்துக்கொள்ளவில்லை. நான்காம் வகுப்போடு சரி. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். கம்பெனிக்காரன் போட்டுத் தரும் ஒயர் படத்தை நான் ஒருநாளும் விரித்ததில்லை. நிறம் பார்த்து ஒயரைப் பிடிப்பேன், சூடு பார்த்து கரெண்டைப் பிடிப்பேன். யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுத்தேன் என்று இப்போது சொல்லித் திரிகிறவர்களை நீங்கள் நம்ப வேண்டாம்.

இவ்வளவும் செய்த என்னை, ஒரு கத்திரி வெயில் காலம் முழுவதும் ஒரு சின்ன மோட்டார் ஆட்டிவைத்தது. காரில் ஏசி எவ்வளவுதான் குளிரை உண்டாக்கினாலும், அதைத் தள்ளிக்கொண்டு வந்து முகத்தில் போட ஒரு காற்றாடி வேண்டும். டாஷ்போர்டுக்கு உள்ளே, இடது பக்கம் உட்காருகிறவரின் முழங்காலுக்கு மேலே, வட்டமான கூண்டு மாதிரிச் சக்கரத்தோடு அது ஒளிந்திருக்கும். புளோயர் என்போம். அது நின்றுவிட்டால் ஏசி இருந்தும் இல்லாத மாதிரிதான். நான் சொல்லும் புளோயர் இருந்தது டாக்டரம்மாவின் வெள்ளை நிறச் சின்னக் காரில். டாக்டரம்மாதான் அந்தப் பங்களாவுக்குச் சொந்தக்காரர், எனக்கு ஷெட்டுக்கு இடம் விட்டவர்.

பிரசவம் பார்க்கிற டாக்டர் அவர். மயிலாப்பூரில் பாதிப் பேர் அவர் கையில்தான் முதல் அழுகையை அழுதிருப்பார்கள். வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்விட்டார், குழந்தை கிடையாது. அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு சமையல்காரம்மாவும் அவரும்தான். எல்லாவற்றுக்கும் பூட்டு. டெலிபோனின் எண் சுற்றுகிற வட்டத்துக்குப் பூட்டு. ஃபிரிட்ஜுக்குப் பூட்டு. சர்க்கரை டப்பா இருக்கும் அலமாரிக்குப் பூட்டு. கொல்லையில் தேங்காய் போட்டு வைக்கும் அறைக்குப் பூட்டு, அதற்கு மேல் இன்னொரு பூட்டு. டிரைவர் வைத்தால் பெட்ரோல் திருடுவான் என்று காரைத் தானே ஓட்டினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் அடையாற்று கிளினிக்குக்குக் கிளம்பினால் லஸ் முனையில் ஆட்டோக்காரர்களே ஒதுங்கி நிற்பார்கள்.

மெட்ராசுக்குச் சென்னை என்று பெயர் மாறிக்கொண்டிருந்த சமயம் அது. ஒவ்வொரு தெருவிலும் ஏதாவது ஒரு பங்களா இடிபட்டு, அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா வீட்டுக்கும் ஒரு புரோமோட்டர் வர ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. போர்ட்டிகோவில் உட்கார்ந்து டாக்டரம்மாவோடு பேசுவார், பேசும்போது கண் மட்டும் கொல்லைப்பக்கம் என் தகர ஷெட்டின் மேல் இருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்த அன்றைக்கே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாம்பலமும் அடையாறும் அப்போது எனக்கு இல்லை. அந்த ஷெட்டு ஒன்றுதான். அது போனால் நான் மறுபடியும் அடுத்தவன் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் புளோயர் நின்றது.

ஒரு சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்தவர் நேராக ஷெட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது.

“ஏம்ப்பா, என்ன பண்ணி வெச்சிருக்கே என் வண்டியை? மந்தவெளி தாண்டறதுக்குள்ள காத்து நின்னு போச்சு. பாலத்துக்கிட்ட தானா வந்தது. திரும்பி வரச்சே மறுபடியும் போச்சு. வேத்து விறுவிறுத்துண்டு ஆத்துக்கு வரேன்.”

“சாவியைக் குடுங்கம்மா, பாத்துடலாம்” என்றேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஏதோ குலுங்கியது. மறுபடியும் திரும்பியபோது கையில் கார் சாவி மட்டும் இருந்தது. அவர் எப்போதும் அப்படித்தான். வீட்டுச் சாவிக்கொத்தை இன்னொருவர் கண்ணில் படும்படி எடுக்க மாட்டார். பார்த்தால் அச்சு எடுத்துவிடுவோம் என்று பயம். எனக்கு அது பழகிப்போயிருந்ததால் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

காரை ஷெட்டுக்குள் விட்டு புளோயரைப் போட்டேன். கோயில் வாசல் காற்று மாதிரி வந்தது. ஒன்றாம் வேகம், இரண்டாம் வேகம், எல்லாம் சரி. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மோட்டாரைக் கழற்றி உள்ளே இருக்கும் கரித்துண்டுகளைப் பார்த்தேன், தேயவில்லை. பாடியோடு சேருகிற எர்த் ஒயரின் போல்ட்டைத் துருத் தேய்த்து முறுக்கினேன். தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன், கச்சேரி ரோடு வரை போனேன், நிற்கவே இல்லை. சரியாகிவிட்டது என்று கொடுத்தேன். மறுநாள் மந்தவெளியில் நின்றது.

மறுபடியும் வந்தது. மறுபடியும் என்னிடம் நன்றாக ஓடியது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சுவிட்சை மாற்றினேன். அதற்குப் பின்னால் இருக்கும் கம்பிச்சுருளை மாற்றினேன். என்னிடம் இருக்கும்போது பொழுதுக்கும் ஓடும், அவரிடம் போனால் நின்றுவிடும். நோயாளி டாக்டர் முன்னால் மட்டும் நோயில்லாத மாதிரி நடித்தால் எப்படி இருக்கும், அப்படி. இதில் ஹீட்டர் தகராறு வேறு வந்து சேர்ந்தது. அந்தக் காரில் ஹீட்டரும் இருந்தது. மெட்ராசில் எவனுக்கு வேண்டும் ஹீட்டர்? சுடுதண்ணீர் உள்ளே வந்து ஏசியைக் கெடுக்கிறது என்று எல்லா மெக்கானிக்கும் போல நானும் அந்தக் குழாயை அடைத்து வைத்திருந்தேன். அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

“ஹீட்டர் எங்கே?”

“அடைச்சு வெச்சிருக்கேம்மா. நம்ம ஊருக்கு இன்னாத்துக்கு அது?”

“அடைச்சு வெச்சியா, கழட்டி வித்துட்டியா?”

“யம்மா, மெட்ராஸ்ல ஹீட்டரை எவன்மா வாங்குவான்? சும்மா குடுத்தாலும் சண்டைக்கு வருவான்!”

“எனக்குத் தெரியாது. நான் வாங்கின வண்டியில என்னென்ன இருந்ததோ எல்லாம் இருக்கணும்.”

கத்திரி வெயிலில், முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ள, ஹீட்டருக்குத் தண்ணீர்க் குழாயை மறுபடி மாட்டிக்கொடுத்தேன். நெம்புகோலைச் சூட்டுப் பக்கம் தள்ளி, கையை வைத்துப் பார்த்து, சுடுகிறது என்று உறுதி செய்துகொண்டுதான் உள்ளே போனார்.

இதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ரிப்பேர் இல்லை, போர். என்னிடம் என் மச்சான் வேலை செய்துகொண்டிருந்தான், என் பெண்டாட்டியின் தம்பி. கை சுத்தமான வேலைக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நான் இல்லாத நேரத்தில் யாரோ காரில் கை வைக்கிறார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம் விழுந்தது. பெண்டாட்டியின் நகப்பாலீஷை எடுத்து வந்து புளோயர் மூடியின் ஒவ்வொரு திருகாணி மேலும் ஒரு சிவப்புச் சொட்டு வைத்தேன். எவன் திருகினாலும் சொட்டு உடைந்துவிடும். அடுத்த முறை கார் வந்தபோது மூடிக்கு முன்னால் குனிந்தேன். சொட்டுகள் அப்படியே இருந்தன. ஆனால் மூடிக்கும் டாஷ்போர்டுக்கும் குறுக்கே மெல்லிசாகக் கறுப்பு நூல் ஒன்று ஓடியது. இரண்டு முனையிலும் பிளாஸ்திரி. பிரசவ வார்டில் தையல் போடுகிற நூல்.

மச்சான் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மாமா, நீ பொட்டு வெச்சே, அந்தம்மா தையலே போட்டுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல இந்த வண்டிக்குக் கொயந்தையே பொறக்கும் போல கீது!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மூடியைத் திறக்கிறேனா, திறக்காமலே திறந்தேன் என்கிறேனா என்று அவர் வேவு பார்த்திருக்கிறார். நியாயமாகப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் நான் தொழில்காரன், எனக்கு உரிமை உண்டு.

அந்த வாரத்திலேயே தெருமுனை டீக்கடையில் மச்சானும் வெள்ளைச் செருப்பு புரோமோட்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். புரோமோட்டர் ஏதோ சொல்ல, மச்சான் தலையாட்டிக்கொண்டிருந்தான். எனக்கு மூளையில் மளமளவென்று எல்லாம் கூடி வந்தது. புரோமோட்டர் மச்சானைப் பிடித்திருக்கிறான். மச்சான் ஏதோ ஒயரைத் தளர்த்தி விடுகிறான். புளோயர் நிற்கிறது. எனக்கு வேலை தெரியாது என்று டாக்டரம்மா முடிவு கட்டுகிறார். ஷெட்டு காலி. சாயங்காலம் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

“அந்தாளு கார்ல ஏசி போடணுமாம். நம்ம கைக்கு வேலையை இஸ்துகினு வரலாம்னு பேசிக்கினு இருந்தேன். அது தப்பா மாமா?”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா இப்படித்தான் கண்ணை உருட்டுவே. அதான் சொல்லலை. உன் பொட்டு எதுனா ஒடஞ்சுதா? இல்லல்ல? அப்பால இன்னா?”

பொட்டு உடையவில்லை என்பது சரிதான். ஆனாலும் நான் முழுசாக நம்பவில்லை. அன்றிலிருந்து டாக்டரம்மாவின் காரை அவன் தொடக்கூடாது என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு வேறு வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மச்சானைத் தள்ளி வைத்த பிறகும் புளோயர் நின்றது.

அடுத்த முறை டாக்டரம்மா வந்தபோது கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரலில் சொன்னார். “ஒரு புளோயரைச் சரிபண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குப்பா ஷெட்டு? ஆடியில யாரையும் காலி பண்ணச் சொல்லப்படாது. அதனால அதுக்கு முன்னாடியே பண்ணிக்கோ.”

அப்போதுதான் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. மச்சானும் இல்லை, புரோமோட்டரும் இல்லை. இந்தம்மாதான்! புளோயர் நிற்கவே இல்லை. நிற்கிறது என்று சொல்கிறார், அவ்வளவுதான். என்னை வெளியேற்ற ஒரு காரணம் வேண்டும். நான் ஒருநாளும் என் கண்ணால் அது நின்று பார்த்ததில்லையே! பாதி வழியில் தானே சுவிட்சை அணைத்துவிட்டு, வேர்த்த முகத்தோடு வந்து நிற்கிறார். யோசிக்க யோசிக்க இது சரியாகவே பட்டது.

நேராகப் போர்ட்டிகோவுக்குப் போனேன். “டாக்டரம்மா, கடைசியா ஒரு தபா. நாளைக்கு நீங்க கிளினிக்குப் போறப்போ நானும் பக்கத்துல குந்திக்கினு வரேன். நீங்களே ஓட்டுங்க. அது எப்படித்தான் நிக்குதுன்னு நான் பாக்கணும்.”

மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ பக்கத்துல உக்காந்துண்டு எதையாவது நோண்டிட்டு, இப்போ சரியாயிடுத்து பாருங்கோன்னு சொல்லவா? நானும் பாத்துக்கறேன். வா. ஆனா கை ரெண்டும் மடியிலயே இருக்கணும்.”

மறுநாள் வெயில் ஏறிய பிறகு கிளம்பினோம். நான் முன்சீட்டில், கை இரண்டையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஜாதகம் பார்க்க வந்தவன் மாதிரி. அவர் இரண்டு கையும் ஸ்டீரிங்கில். புளோயர் ஜிவ்வென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவருடைய விரல்களைப் பார்த்தேன். அவரும் ரோட்டைப் பாதிதான் பார்த்தார், மீதி நேரம் என் விரல்களைப் பார்த்தார். ஒரு சைக்கிள்காரர் எங்களுக்கு நடுவில் அகப்பட்டுப் பிழைத்தது அந்தக் கபாலி புண்ணியம். மந்தவெளி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்து முன்னால் வேகத்தடை வந்தது. கார் ஏறி இறங்கியது. தொம்மென்று ஒரு குலுக்கல். காற்று நின்றது.

என் கை மடியில் இருந்தது. அவர் கை ஸ்டீரிங்கில் இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காருக்குள் அனல் மெல்ல நிறைந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் அவர் மேல் கட்டிவைத்திருந்ததும், அவர் என் மேல் கட்டிவைத்திருந்ததும் சேர்ந்து விழுந்தன. ஆனால் விழுந்ததை ஒத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் மனசில்லை.

“பாத்தியா? நின்னுடுத்து!” என்றார், ஜெயித்த குரலில்.

எனக்கும் உள்ளே ஒரு சந்தோஷம். நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. “அம்மா, அந்த வைப்பரைப் போடுங்க” என்றேன்.

“வைப்பரா? மழையா பெய்யறது?”

“போடுங்கம்மா. சொல்றேன்.”

போட்டார். வைப்பர் அசையவில்லை. புளோயர் மட்டும் செத்திருந்தால் வைப்பர் ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்து செத்தால் தப்பு புளோயரில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. இரண்டுக்கும் கரெண்டு பிரிகிற இடம் ஒன்றுதான், சாவி போடுகிற இடம். இத்தனை நாளாக நான் வியாதியில்லாத உறுப்பை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த பள்ளத்தில் கார் குலுங்கியதும் காற்று வந்தது, வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கறக் கறக்கென்று தேய்த்தது. அதற்கடுத்த குலுக்கலில் காற்று நின்றது, வைப்பரும் கண்ணாடிக்கு நட்டநடுவில் அப்படியே நின்றது. நான் குனிந்து ஸ்டீரிங்குக்குக் கீழே பார்த்தேன்.

கார் சாவியில், ஒரு பெரிய இரும்பு வளையத்தில், அந்த வீடே தொங்கிக்கொண்டிருந்தது. பீரோ சாவி, பூஜை அறைச் சாவி, தேங்காய் அறையின் இரண்டு சாவிகள், உள்ளங்கை நீளத்துக்கு வாசல் கதவின் பழைய பித்தளைச் சாவி, டெலிபோன் பூட்டின் எறும்பளவுச் சாவி. குலுங்கும்போதெல்லாம் அது இப்படியும் அப்படியும் ஊஞ்சலாடியது. ஆடும்போது கார் சாவியும் ஒரு மயிரிழை பின்னால் திரும்பியது. என்ஜின் நிற்கிற அளவுக்கு இல்லை. காற்றை நிறுத்தப் போதுமான அளவுக்கு.

ஆவேசத்தில் கையை நீட்டி அந்தக் கொத்தை அடியில் ஏந்தினேன். காற்று வந்தது. பளாரென்று என் புறங்கையில் ஒரு அடி.

“சாவியைத் தொடாதே!”

கையை இழுத்தேன். காற்று நின்றது. “ஓரமா நிறுத்துங்கம்மா. நான் தொடலை. நீங்களே ஏந்துங்க. அடியிலேருந்து ஏந்துங்க.”

ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். சந்தேகத்தோடுதான் குனிந்தார். அந்தக் கொத்தை, பிறந்த குழந்தையின் தலையைத் தாங்குவது மாதிரி, விரலை விரித்து ஏந்தினார். ஜிவ்வென்று காற்று வந்து அவருடைய நரைமுடியைத் தூக்கியது. வைப்பர் விட்ட இடத்திலிருந்து எழுந்து மீதிக் கண்ணாடியைத் துடைத்தது. கையை எடுத்தார். இரண்டும் நின்றன. மறுபடி ஏந்தினார். மறுபடி எடுத்தார். எத்தனை முறை செய்தார் என்று எண்ணவில்லை. முதல் முறையாக அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. உடனே என் பக்கம் திரும்பி, “காலால எதையாவது அமுக்கறியா?” என்று என் பாதத்தைப் பார்த்தார்.

“செருப்பையே கயட்டி வெளியே வெச்சிடட்டா?” என்றேன்.

“ரங்கநாதன் தெருக் கூட்டத்துல ஒருத்தன் என் ஹேண்ட்பேக்கை அறுத்துண்டு போயிட்டான். ஆத்துச் சாவியெல்லாம் அதோட போச்சு. அன்னிலேருந்து இதை பேக்ல வெச்சுக்கறதில்லை. வண்டி ஓட்டறச்சே இதுலயே மாட்டிண்டுடுவேன்” என்றார். அதற்குப் பிறகு கேட்டார். “அப்போ உன்கிட்ட விட்டப்போல்லாம் ஏன் நிக்கலை?”

“எங்கிட்ட நீங்க ஒத்தைச் சாவி தானேம்மா குடுத்தீங்க.”

அவர் வைப்பரை அணைத்தார். சாவிக்கொத்தைக் கார் சாவியிலிருந்து பிரித்தார். இந்த முறை எனக்கு முதுகைக் காட்டவில்லை. காட்ட இடமில்லை, கார் சின்னது.

மறுநாள் சாவி போடுகிற சுவிட்சை மாற்றினேன். அதோடு விடவில்லை. புளோயருக்குப் போகிற கரெண்டு சாவி வழியாகப் போகவே வேண்டாம் என்று, பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து நடுவில் ரிலே என்கிற சின்ன சுவிட்சுப் பெட்டி ஒன்றை வைத்தேன். சாவிக்கு இனிமேல் ஆள் அனுப்புகிற வேலை மட்டும்தான், மூட்டை தூக்குகிற வேலை இல்லை. இன்றைக்குத் தி.நகர், மாம்பலம் பட்டறைகளில் எவனெவனோ இதைத் தன் ஐடியா என்கிறான். என்னிடம் வேலை பார்த்துப் போனவர்கள்தான் கொண்டுபோனார்கள் என்று எனக்குச் சந்தேகம். டாஷ்போர்டில், ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில், அவர் கண்ணுக்கு நேராக இரும்புக் கொக்கி ஒன்றும் அடித்துக் கொடுத்தேன். கொத்து அதில் தொங்கும். கொக்கியைப் பிடித்துத் தொங்கிப் பார்க்காத குறையாக இழுத்துப் பார்த்தார். “யாரும் வெளியிலேருந்து கையை விட்டு எடுக்க முடியாதே?” என்று கேட்டார். எடுத்துக் காட்டச் சொன்னார். என்னால் முடியவில்லை. திருப்தியாகப் போனார்.

அந்தக் கோடையில் புளோயர் மறுபடி நிற்கவில்லை. ஒருநாள் போர்ட்டிகோவுக்குக் கூப்பிட்டார். வெள்ளைச் செருப்பு புரோமோட்டர் மேஜைமேல் பிளான் படத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். என் ஷெட்டு இருந்த இடத்தில் கார் நிறுத்தக் கோடு கோடாகப் போட்டிருந்தது.

டாக்டரம்மா புரோமோட்டரிடம் சொன்னார். “தெருவைப் பாத்து கீழே ஒரு கடை போடுங்கோ. அது இவனுக்கு. அதைப் போட்டுண்டு வந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.”

புரோமோட்டர் என்னைப் பார்த்தார். பார்வையில் இருந்த கேள்வி எனக்கும் இருந்தது. இந்தம்மா ஏன் இப்படிச் சொல்கிறார்? இதற்குள் வேறு எதுவும் இருக்கிறதா? கட்டி முடித்த பிறகு இல்லை என்றால்? வாயை அடக்க முடியவில்லை. “டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. இதை அக்ரிமெண்டுல எயுதிக் குடுப்பீங்களா?” என்றேன்.

புரோமோட்டர் பல்லைக் காட்டினார். “பாருங்க, நீங்க நல்லது செய்யப் போறீங்க, அவரு உங்களையே நம்பலை.”

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “எழுதிக் கேக்கறானோல்லியோ? அதனாலதான் இவனுக்குக் குடுக்கறேன். ஒண்ணுமே கேக்காம தலையாட்டினான்னா எனக்குத்தான் பயமா இருக்கும்.” எழுதினார்கள். மச்சானை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு தெருமுனையில் பழக்கமில்லாத ஒருவரையும் விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

அந்தக் கடையில் ஆரம்பித்துத்தான் மாம்பலம், அதற்குப் பிறகு அடையாறு. டாக்டரம்மா அதே கட்டடத்தில் மாடியில் ஒரு வீடு எடுத்துக்கொண்டார். கண் தெரியாமல் போகும் வரை தானே ஓட்டினார். காரை என்னிடம் விடும்போது கடைசி வரை ஒற்றைச் சாவிதான் கொடுத்தார், கொத்தைக் கொடுத்ததே இல்லை. கொடுத்திருந்தால் என்னமோ ஏதோ என்று எனக்குத்தான் தூக்கம் போயிருக்கும்.

அவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் அவருடைய தம்பி மகன் வெளிநாட்டிலிருந்து வந்தார். அத்தையின் பெயரில் ஒரு மலர் போடுகிறாராம். கட்டடத்தில் குடியிருப்பவர்கள், அத்தை கையில் பிறந்தவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். தான் எழுதியதை எனக்கும் படித்துக் காட்டினார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். அதில் ஓரிடத்தில், தன் கொல்லையில் பிழைத்துக்கொண்டிருந்த ஏழை மெக்கானிக் ஒருவர் மேல் மனமிரங்கி அத்தை கடை கொடுத்ததாக ஒரு வரி வந்தது. நான் நிறுத்தச் சொன்னேன். மறுபடி படிக்கச் சொன்னேன். அதே வரிதான்.

“ஏதாவது தப்பா எழுதிட்டேனா, மாமா?” என்று கேட்டார்.

தப்புத்தான். டாக்டரம்மாவுக்கு மனமிரங்கத் தெரியும் என்று நான் நம்பவில்லை. அவரோடு அத்தனை வருஷம் ஒரே காம்பவுண்டில் இருந்தவன் நான். இரக்கப்பட்டு ஒரு தேங்காய்கூடக் கொடுத்ததில்லை. அந்தக் கடை இரக்கத்தில் வந்தது என்றால் அது என்னை மட்டும் இல்லை, அவரையும் தெரியாத ஆள் எழுதியது. எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடாத ஒன்றை அவர் காரில் நான் பிடித்தேன். அதற்காகக் கொடுத்தார். கொடுத்ததை எழுதியும் வாங்கினேன்.

ஆகவே அந்த வரியை எடுக்க வேண்டும். ‘ஏழை மெக்கானிக் ஒருவர்’ என்று இருக்கும் இடத்தில் என் பெயரை இனிஷியலோடு முழுசாகப் போட வேண்டும். டாக்டரம்மாவின் காரில் காற்று ஏன் நின்றது என்று கண்டுபிடித்தது இவர், புளோயருக்குத் தனி ரிலே வைத்ததும் இவர் என்று இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். சரி மாமா, மாத்திடறேன் என்று தம்பி மகன் தலையாட்டினார். தலையாட்டினால் போதாது. அச்சுக்குப் போகும் முன்னால் அந்தப் பக்கம் என் கைக்கு வர வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக நானே படித்துப் பார்த்த பிறகுதான் சரி என்பேன்.